ரப்பர் செடிக்குப் பக்கத்தில் நின்ற பெண்

பேகம்பூருக்குப் போகிற சாலையில், ஜெகபர் அலியின் செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது வெண்ணிலா ஸ்டுடியோ. ஒரு படம் அங்கே எடுத்ததுதானா என்று தெரிந்துகொள்ளப் பின்பக்கம் திருப்பி முத்திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு மண்தொட்டி இருக்கும். தொட்டியில் ஆளுயரத்துக்கு ஒரு ரப்பர் செடி நிற்கும். அகல அகலமான தடித்த இலைகள். ஒவ்வொரு இலையின் நடுநரம்பும் பளிச்சென்று விழுந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள்தான் லேசாக மங்கியிருப்பார்.

ஸ்டுடியோக்காரன் சடையாண்டிக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. பெயரில் சடை இருந்ததே தவிர, முன்மண்டை ஏறத் தொடங்கிவிட்டது. நல்ல பிள்ளை, நாணயமான பிள்ளை. ஆனால் கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம்! இடுப்பில் இருக்கிற குழந்தையைக்கூட, "செத்த சிரிங்க" என்று கெஞ்சுவான். வயசுப்பெண் எதிரில் வந்து நின்றுவிட்டால் தொலைந்தது. கண் தரைக்கும் கூரைக்குமாக அலையும், பேச்சு பாதியில் முழுங்கிப் போகும். பெண் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத ஒருத்தன் போட்டோத் தொழிலுக்கு வந்த கூத்தை என்னவென்று சொல்ல!

காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டால் மட்டும் அவனுக்கு மூச்சு சீராகும். உள்ளே இருட்டு. எதிரே, காமிராவின் முதுகில் பதித்த மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தொங்கும். கூரையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தது; அந்த வெயில் வெள்ளைத் திரையில் வடிகட்டி இறங்கி, சின்னக் கண்ணாடிக்குள் பசும்பால் போல நிரம்பும். அதில் செடி மிதக்கும். பாங்கு சத்தமும், குதிரை வண்டிச் சத்தமும், கீழே ஜெகபர் அலி தோலைத் தட்டுகிற சத்தமும் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போலக் கேட்கும். அங்கேயே இருந்துவிடலாம் என்று சடையாண்டிக்குத் தோன்றும்.

ஆனால் அந்த இருட்டுக்குள்ளும் அவன் முகத்தைப் பார்த்து ஃபோக்கஸ் செய்ததில்லை. இலைக்கு ஏது கூச்சம்? அது முறைக்காது, நெளியாது. அதனால் இலையின் நரம்பைப் பார்த்துக்கொண்டே திருகுவான். நரம்பு துலங்கியதும் வெளியே வந்து, படத்துக்கான பிளேட்டைச் செருகி, லென்ஸ் மூடியை ஒரு கணம் கழற்றி மாட்டுவான்; அவ்வளவுதான், படம் விழுந்துவிடும். ஆள் நிற்பது செடிக்கு ஓரடி முன்னால் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. முகம் கொஞ்சம் மெத்தென்று விழுந்தால் அம்மைத் தழும்பு தெரியாது என்று ஊரிலும் யாரும் குறை சொல்லவில்லை. அவனும் அதைத் தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டான்.

செடி வந்தது சிறுமலையிலிருந்து. அங்கே ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவைக் காலி செய்துகொண்டு போன மேனேஜர், வீட்டைப் படம் எடுக்க இவனைக் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்ததும் கூடத்து மூலையைக் காட்டி, "வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்" என்றார். வாழைத்தார் லாரியில், தலைக்குச் சாக்குக் கட்டி, மடியில் பிள்ளையைப் பிடிப்பது போலத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினான். மாடி ஏற்றும்போது ஓர் இலை ஒடிந்து பால் சொட்டியது. ஜெகபர் அலி அதை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தார்.

"இதுலதானப்பா ரப்பர் எடுக்குறான்? அப்ப இது நம்ம டயர் செருப்புக்கெல்லாம் அப்பன்ல!" என்று சொல்லிச் சிரித்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில்தான் பேச்சாயி முதன்முதலாக அந்த மாடிப்படி ஏறினாள். சாணார்பட்டிப் பக்கம் கனகாம்பரம் போடுகிற பெருமாள்சாமியின் மகள். பெருமாள்சாமிக்கு ஒரே பிடிவாதம்: மாப்பிள்ளை மாசச் சம்பளக்காரனாக இருக்க வேண்டும். மழையை நம்பித் தான் பட்ட பாடு மகளுக்கு வேண்டாம் என்பார். சம்பளக்காரனெல்லாம் பம்பாயிலும் மதராஸிலும் அல்லவா இருக்கிறான்? அதனால் தரகர் பையில் பெண்ணின் படம் போக வேண்டியிருந்தது. பெருமாள்சாமி சடையாண்டியின் ஊர், சனம் எல்லாம் விசாரித்து, நம்ம சனம்தான் என்று திருப்தியான பிறகே மகளைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எங்க பாக்கணும்?" என்றாள் பேச்சாயி.

"செடியப் பாருங்க" என்றான் துணிக்குள்ளிருந்து.

அவள் பார்த்தாள். பார்த்தவள், படம் எடுப்பதை மறந்து இலையை விரலால் தடவிப் பார்த்தாள். "போட்டோக்காரரே, இது நெசச் செடியா? நான் மெழுகுல செஞ்சதுன்னுல நெனச்சேன்!"

அந்தக் குரல் சடையாண்டிக்குப் பிடித்துப் போயிற்று. முகத்தை அவன் பார்க்கவில்லை. செருப்பில்லாத இரண்டு காலும், அதில் ஒட்டியிருந்த செம்மண்ணும்தான் தெரியும்.

படம் பம்பாய்க்குப் போய்த் திரும்பி வந்தது. முகம் சரியாக விளங்கவில்லையாம்; வேண்டாம் என்பதற்கு அது ஒரு சாக்கு என்றே வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். பேச்சாயியின் அம்மா அய்யம்மாளுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. ஒரு வீட்டில் வேண்டாம் என்று திருப்பின படத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அந்த 'வேண்டாம்' படத்தோடு ஒட்டிக்கொண்டு போகுமாம். ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் புதுப்படம்தான். மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் செடி. இரண்டாவது படம் கரூருக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் செடி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டு அனுப்பியிருந்தார்கள். பெருமாள்சாமிக்கு வந்த கோபத்தில் தரகரை அடிக்காத குறைதான்.

அதற்குள் செடிக்குச் சனி பிடித்திருந்தது.

ஆரம்பித்து வைத்தது ஜெகபர் அலியின் நல்ல மனசு. இலையில் தூசி படிந்து மினுமினுப்புக் குறைகிறது என்று சடையாண்டி வருத்தப்பட்டபோது, "தோலுக்குப் போடுற எண்ணெய் இருக்கு தம்பி. ஒரு கை தேய்ச்சு விடு, அப்புறம் பாரு சங்கதிய!" என்று ஒரு சீசாவைக் கொடுத்தார். தேய்த்தான். அடடா, கண்ணைப் பறித்தது! வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தான். எண்ணெய் வாசத்துக்குச் சாலைப் புழுதியெல்லாம் மாடியேறி வந்து இலையில் உட்கார்ந்தது. அதன்மேல் இன்னொரு கை எண்ணெய். செருப்புக்கு மூச்சு வேண்டாம், இலைக்கு வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பிறகு அடியிலை மஞ்சளித்தது. ஒன்று விழுந்தது, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினான். இன்னொன்று விழுந்தது, வெளிச்சம் போதவில்லை என்று கூரைக் கண்ணாடிக்குக் கீழே இழுத்து வைத்தான். அங்கே வெயில் சுட்டு இலையில் காவி படர்ந்தது. உடனே மூலைக்கு இழுத்தான். ஆள் வந்தால் படத்துக்காக நடுவில், ஆள் போனால் மறுபடி மூலையில். ஒரு செடிதான் எத்தனை தடவை வீடு மாறும்? தண்டின் கீழ்ப்பாதி மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு இலை தொங்க, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மத்தியானத்தில் வாடிக்கை இல்லாத நேரம் அவன் அதன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான். எங்கோ மழை பெய்கிற மலைச்சரிவும், அங்கே இதே செடி மரமாகி நிற்பதும், அதன் அடியில் செம்மண் ஒட்டின இரண்டு கால்களும் அவனுக்குத் தெரியும். இலை விழுகிற சத்தத்தில் கனவு கலையும்.

பூமார்க்கெட்டுக்கு வருகிற நாள்களில், பெருமாள்சாமி ஜெகபர் அலி கடையில் உட்கார்ந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. "செடிய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்ப்பா" என்று பேச்சாயி மாடி ஏறுவாள். கதவு விரியத் திறந்திருக்கும்; கீழே பேசுகிறவர்களுக்கு மேலே பேசுவது கேட்கும். யாரும் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை.

"அய்யய்யே! என்ன இது, எண்ணெய்ச் சட்டிய வழிச்ச மாதிரி இருக்கு?" என்று இலையைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள்.

"பாய்தான் குடுத்தாரு" என்றான், தரையைப் பார்த்து.

"நல்லாக் குடுத்தாரு போங்க! செருப்புக்கும் செடிக்கும் ஒரே வைத்தியமா?" என்று அவள் சத்தமாகவே சொல்ல, கீழேயிருந்து ஜெகபர் அலி இருமினார்.

சீயக்காய்த் தண்ணீரில் துணியை நனைத்து இலைகளைத் துடைத்தார்கள். அவள் இலையின் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மேலே துடைத்தாள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. பழுப்புத் தண்ணீர் வடிந்து, பச்சை மெல்லத் திரும்பியது. அத்தோடு விட்டாளா? கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினால் பிடித்துக்கொண்டு வளரும் என்று அடுத்த தடவை ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். கனகாம்பரத்துக்கு அவள் வீட்டில் அதுதான் போடுவார்களாம். சடையாண்டியும் கரைத்து ஊற்றினான். மூடின அறையில் அது புளித்து எழுப்பிய நாற்றம் இருக்கிறதே! படம் எடுக்க வந்த கல்யாண ஜோடி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியது. எறும்பு வரிசை கட்டியது. செடி இன்னும் இரண்டு இலையை உதிர்த்தது. அடுத்த வாரம் வந்த பேச்சாயி வாசலிலேயே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"திங்க முடியாத சீக்காளிக்கு விருந்து வச்ச கதையாப் போச்சு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

சடையாண்டியும் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான், ஒரு பெண்ணுக்கு எதிரில் தான் சிரித்தது அவனுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு இரவு படுத்தவன் மனதில் ஓர் ஆசை நுழைந்தது. இவள் படம் போகிற வீட்டிலிருந்தெல்லாம் திரும்பி வந்துகொண்டே இருக்கக் கூடாதா? அப்போதுதானே இவள் மாடிப்படி ஏறிக்கொண்டே இருப்பாள்! நினைத்த மாத்திரத்தில், சீ, என்ன புத்தி இது என்று எழுந்து தண்ணீர் குடித்தான். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான். அவனுக்கு அவள் வேண்டும் என்றிருந்தது. அதை யாரிடம், எந்த வாயால் சொல்வது? அவன் சம்பளக்காரன் இல்லை. நாலு மாதம் முகூர்த்தம், எட்டு மாதம் ஈ ஓட்டுகிற தொழில்.

செடியின் நோய் பிடிபட்டது ஒரு கோடைக்காலத்தில். ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். குடம் குடமாக வாங்கின தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், படங்களைக் கழுவின தண்ணீரைத்தான் சடையாண்டி தினமும் தொட்டியில் ஊற்றி வந்தான். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்றைக்கு ஊற்றப் போனவன், தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டான். ஒரு பிடி மண்ணைக் கிள்ளி முகர்ந்தான். இருட்டறை வாசம். படத்தைக் கரையாமல் நிறுத்துகிற ஹைப்போ மருந்தின் வாசம்.

"பாவி, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். சிக்கனம் என்று நினைத்து, வருஷக்கணக்காகத் தன் கையாலேயே அதற்கு மருந்துத் தண்ணீரைப் புகட்டியிருக்கிறான்!

பேச்சாயி வந்த அன்று, வேப்பங்கிளை கவிந்த பின்பக்கத்து மொட்டை மாடியில் தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு உருவி எடுத்தார்கள். பாதி வேர் கறுத்துக் குழைந்திருந்தது. நல்ல தண்ணீரில் வேரை அலசினான். குழைந்ததையெல்லாம் அவள் அரிவாள்மனையில் நறுக்கித் தள்ளினாள். பெருமாள்சாமி ஊரிலிருந்து சாக்கில் கொண்டுவந்திருந்த செம்மண், ஆற்றுமணல், மக்கின சாணி மூன்றையும் கலந்தார்கள்; தொட்டியின் அடி ஓட்டையில் ஓட்டுச்சில்லு வைத்து நட்டார்கள். மொட்டைத் தண்டை என்ன செய்வது? உச்சியை வெட்டினால்தான் பக்கத்தில் கிளைக்கும் என்று இருவருக்கும் தெரிந்தது. வெட்ட இருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அவள்தான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். பால் குபுகுபுவென்று வந்தது. அடுப்புச் சாம்பலை அப்பி அதை நிறுத்தினாள். வெட்டின உச்சியை இன்னொரு சட்டியில் ஊன்றினார்கள்.

"இனி இத எங்கயும் தூக்காதீங்க" என்றாள். "இந்த வேப்பமர நெழலே போதும். விரல மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அதுவா ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்கட்டும்."

கையெல்லாம் பால் பிசுக்கு. அதைத் தேய்த்து உருட்டிக்கொண்டே மாடிச்சுவரில் சாய்ந்தவள், திடீரென்று வேறு குரலில் சொன்னாள்.

"விழுப்புரத்துல ஒரு ரயில்வே மாப்பிள்ளை இருக்காராம். அடுத்த வாரம் அப்பா கூட்டியாருவாரு, படத்துக்கு. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா நான் கெணத்துப் பக்கம் தலகாட்ட முடியாது போட்டோக்காரரே. ராசியில்லாத மூஞ்சின்னு காதுபடவே பேசுறாளுக. எங்காத்தா அழுவுது."

பூக்கூடைக்கு அடியிலிருந்து பழைய இரண்டு படங்களையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க. அம்புட்டு மோசமாவா இருக்கேன்?"

அவள் போன பிறகு சடையாண்டி பூதக்கண்ணாடியை எடுத்து அந்தப் படங்களைப் பார்த்தான். இலை நரம்பு, இலையின் மேல் ஓர் எறும்பு, அந்த எறும்பின் கால்கூடத் தெரிந்தது. பேச்சாயியின் முகம் இருந்த இடத்தில் ஈரச்சுவரில் விழுந்த நிழல் மாதிரி ஏதோ இருந்தது. கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. இரண்டு படத்திலும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவளை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. கூச்சம் கூச்சமென்று இவன் இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதற்கு, அந்தப் பெண் கிணற்றடியில் வசவு வாங்குகிறாள்.

ஒழுங்காக ஒரு படம் எடுத்தால் அவள் விழுப்புரம் போய்விடுவாள். எடுக்காவிட்டால் அவள் தலை குனிவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகு வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது ஸ்டுடியோவில் செடி இல்லை. அது மொட்டை மாடியில் அசையாமல் நின்றது. சாம்பல் அப்பின வெட்டுக்குக் கீழே சிவப்பு மூக்கு போல ஒரு முளை வேறு தலைகாட்டியிருந்தது. அதைத் தூக்கிவர அவன் கை போகவில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் வெறும் தரை. பேச்சாயி நடுவில் வந்து நின்றாள். எள்ளுப்பூ நிறத்தில் கண்டாங்கிச் சேலை, தலையில் கனகாம்பரம். பெருமாள்சாமி மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, புதுச்செருப்பு அளவு கொடுக்கக் கீழே இறங்கிப் போனார்.

"எங்க பாக்கணும்?" என்றாள் வழக்கம்போல.

சடையாண்டி துணிக்குள் இருந்தான். கண்ணாடியில் அவள் தலைகீழாக நின்றாள். ஒளிவதற்கு ஓர் இலைகூட இல்லை. முகத்தைப் பார்த்துத் திருகினான். பனிக்குள்ளிருந்து வருவது போல முகம் வந்தது. முதலில் மூக்குத்தி. பிறகு மேலுதட்டின் மேல் ஒரு மச்சம்; இத்தனை நாளில் அவன் அறியாத மச்சம். பிறகு கண்கள். ஈரமான, பயந்த, நல்ல கண்கள். தலைகீழாக இருந்தால் என்ன? அவனுக்கு அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றானோ, கீழே தோல் தட்டுகிற சத்தம் நின்றுபோனதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

துணியை விலக்கி வெளியே வந்தான். லென்ஸை மூடி, பிளேட்டைச் செருகினான். லென்ஸ் மூடியில் கை வைத்து, நிமிர்ந்தான்.

"என்னையப் பாருங்க" என்றான்.

அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான். தரையையும் கூரையையும் தேடாமல், அவளைப் பார்த்தான். பேச்சாயியின் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு என்ன வந்தது என்று சடையாண்டிக்குப் பெயர் தெரியவில்லை. மூடியைக் கழற்றினான். அறை முழுக்க வெயில் அசையாமல் நின்றது. மூடியை மறுபடி மாட்ட வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போயிருக்கும், நல்லவேளை, கை தானாகவே மாட்டியது.

இரவு இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, தட்டுக்குள் வெறும் காகிதத்திலிருந்து அந்த முகம் மெல்ல மேலே வந்தது. மூக்குத்தி, மச்சம், கண்கள். அவன் தொழிலுக்கு வந்து எடுத்த படங்களிலெல்லாம் இதுதான் படம். பார்த்தவன் எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். விழுப்புரத்துக்காரன் அடுத்த முகூர்த்தத்துக்கே நாள் பார்த்துவிடுவான். சடையாண்டி புதுத்தண்ணீரில் படத்தை அலசினான், மறுபடி அலசினான். நல்ல தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போவது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஈரக்காகிதத்தைக் கொடியில் மாட்டிவிட்டு, அதன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பெருமாள்சாமி மறுவாரம் தனியாக வந்தார். தரகர் அன்றைக்குச் சாயங்காலமே புறப்படுகிறாராம், அவசரம். புதுச்செருப்பு படியெல்லாம் கிறீச்சிட்டது.

"எடு தம்பி, படத்த எடு. இதாச்சும் வெளங்குதா பாப்போம்."

சடையாண்டி உறையைக் கொடுத்தான். பெருமாள்சாமி படத்தை வெளியே எடுத்து, கூரைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். அந்த அவசரக்கார மனுஷன் அப்படி நின்று சடையாண்டி பார்த்ததில்லை.

"எம்மவளா இது?" என்றார் கடைசியில். "பொறந்ததுலருந்து பாக்குறேன். இவ மூஞ்சியில இப்பேர்ப்பட்ட ஒரு வெளிச்சத்த நான் பாத்ததே இல்லையேப்பா."

"நல்லா விழுந்திருக்குங்க அய்யா" என்றான் சடையாண்டி.

பெருமாள்சாமி படத்தை உறைக்குள் போடவில்லை. கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்தப் படத்த விழுப்புரத்துக்கு அனுப்ப முடியாது" என்றார்.

சடையாண்டி ஓரடி முன்னால் வந்தான். "ஏனுங்க அய்யா? முகந்தான் தெளிவா..."

"தெளிவா இருக்கு. அதான் சொல்றேன். கண்ணுள்ள எவன் பாத்தாலும் முதக் கேள்வி அதத்தான் கேப்பான்." படத்தை அவன் பக்கம் திருப்பினார். "இவ யாரையோ பாக்குறா. ஆசையா, மனசு நெறஞ்சு பாக்குறா. நான் அப்பக் கீழ பாய் கடையில இருந்தேன். நீயே சொல்லு அப்பு, இவ யாரப் பாக்குறா?"

மத்தியானம். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. சடையாண்டியின் கண் பழைய வழக்கப்படி தரைக்குப் போனது. அங்கிருந்து கூரைக்குப் போகப் பார்த்தது. பிறகு பாதியிலேயே நின்று, பெருமாள்சாமியின் முகத்துக்கு வந்தது.

"என்னையத்தான் மாமா" என்றான்.

சொல்லிவிட்டான். சொன்ன வார்த்தை அறையில் அப்படியே நின்றது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவன் நினைக்கவும் இல்லை. பெருமாள்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏறின முன்மண்டையைப் பார்த்தார், மருந்துக் கறை படிந்த கையைப் பார்த்தார். படத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மழைய நம்புறவனுக்குக் குடுக்கக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப வெயில நம்புறவன் வந்து நிக்கிறான்" என்று தனக்குள் முனகினார். பிறகு எழுந்து படத்தை மடிக்குள் பத்திரமாக வைத்தார். "சரி, கதவப் பூட்டிட்டுக் கெளம்பு. சாணார்பட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்ப எங்கிட்டச் சொன்னியே, அதே வார்த்தைய அவ ஆத்தா முன்னாடி நின்னு நிமிந்து பாத்துச் சொல்லு."